இடம்பெயர்ந்தோருக்காக மனு எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

மனித உரிமைப் பயிற்சியை முடித்துவிட்டு, இடம்பெயர்ந்த மக்களோடு வேலை செய்யப் போகிறோம் என்று சமயநல்லூர் வரை பஸ் ஏறி வந்து கேட்ட பிள்ளைகளுக்காக இதை எழுதிவைக்கிறேன். வாயால் சொன்னால் ஊர் போய்ச் சேர்வதற்குள் பாதி மறந்துபோகும். மனித உரிமை ஆணையம் என்றதும் உங்களில் பாதிப்பேர் அதை நீதிமன்றம் என்று நினைக்கிறீர்கள். மீதிப்பேர் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்கிறீர்கள். இரண்டும் சரியில்லை. அது ஓர் அலுவலகம். பதிவேட்டில் ஏறியதைக் கவனிக்கும், ஏறாததைக் கவனிக்காது. வீடு பறிபோனவரின் பாடு பல வருஷம் நீளும்; மனு ஒரே நாளில் எழுதி முடிந்துவிடும். அந்த நீண்ட பாட்டை ஆணையத்தின் பதிவேட்டில் விடாமல் ஏற்றிக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளாக இருக்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

1. யாருக்காகப் போகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். நமக்குப் பக்கத்தில் ஆனையூரில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள், அகதிகள். 2021இல் அரசு அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியதால் சட்டத்தில் அவர்கள் நிலை மாறிவிடவில்லை. நான் சொல்வது எல்லை தாண்டாதவர்களைப் பற்றி. சொந்த நாட்டுக்குள்ளேயே, சில சமயம் சொந்தத் தாலுகாவுக்குள்ளேயே வீடு இழந்தவர்களைப் பற்றி. இவர்களுக்காக ஐ.நா.வில் 1998இல் வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்தன. மொத்தம் 30. சூடான் நாட்டைச் சேர்ந்த பிரான்சிஸ் டெங் முன்னின்று செய்த வேலை அது. போர், கலவரம், வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் அதில் வரும். பொதுநலத்தைக் கொண்டு நியாயப்படுத்த முடியாத பெரிய வளர்ச்சித் திட்டங்களுக்காக மக்களைக் கிளப்புவதையும் 6ஆம் கோட்பாடு தவறு என்கிறது. ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் கூடி இதை ஒப்பந்தமாகவே ஆக்கிக்கொண்டன. இந்தியாவில் இடம்பெயர்ந்தோருக்கென்று தனிச் சட்டம் கிடையாது. நிலத்துக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம், பேரிடருக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வளவுதான். இரண்டிலும் அடங்காதவர்கள்தான் உங்களிடம் வந்து நிற்பார்கள்.

2. நகல் போடும் பழக்கத்தை விடுங்கள். நம்மூர் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை குறைதீர் நாளுக்கு மனு எழுதினாலும் கடைசியில் குடியரசுத் தலைவர் தொடங்கி தாசில்தார் வரை நகல் என்று அடுக்கிவிடுவார்கள். பத்து இடத்தில் போட்டால் ஓர் இடத்திலாவது பிடிக்கும் என்று கணக்கு. ஆணைய விஷயத்தில் இது உங்கள் காலையே வாரும். மனித உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 1993, பிரிவு 36ஐப் படியுங்கள். மாநில ஆணையத்திலோ வேறு சட்டபூர்வ ஆணையத்திலோ விசாரணையில் இருக்கும் விஷயத்தைத் தேசிய ஆணையம் எடுக்காது. சென்னையில் ஒன்று, டெல்லியில் ஒன்று, எஸ்.சி. ஆணையத்துக்கு ஒன்று, குழந்தைகள் ஆணையத்துக்கு ஒன்று என்று ஒரே நாளில் தபாலில் போட்டால், இவர் பார்க்கிறார் என்று அவரும் அவர் பார்க்கிறார் என்று இவரும் கோப்பை மூடிவிடலாம்.

எது எங்கே என்று யோசித்துப் போடுங்கள். மாநில ஆணையம் 1997 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. உள்ளூர் அதிகாரி, உள்ளூர் போலீஸ் என்றால் அதுதான் கிட்டத்தில். மத்திய அரசு நிறுவனம், இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் 1993 அக்டோபரில் வந்த தேசிய ஆணையம். சாதித் தாக்குதலில் சேரி காலியானால் எஸ்.சி. ஆணையத்துக்கு முதலில் போவதே என் பழக்கம். இன்னொருவர் வேறு மாதிரி சொல்லலாம்.

3. கிளம்புவதற்கு முன்னால் போங்கள். என்னைக் கேட்டால் இதற்கு மேல் பெரிய அறிவுரை கிடையாது. திருநெல்வேலி மலையில் இருக்கும் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பாருங்கள். சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய காடு. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று எஸ்டேட்டுகள். கீழே சமவெளியிலிருந்து போனவர்களின் மூன்றாவது நான்காவது தலைமுறை அங்கே இலை பறித்தது. குத்தகை 2028இல்தான் முடிய வேண்டும். கம்பெனி முன்கூட்டியே விலகுவதாகச் சொல்லி, 2024 ஜூனில் விருப்ப ஓய்வுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டது. வேலை போனால் லைன் வீடும் போகும். ரேஷன் கடை, பள்ளிக்கூடம், சாமி கும்பிடுகிற இடம், புதைத்த இடம் எல்லாம் மலையில். பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் மற்றவை எல்லாம் நடந்தன. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்கு, வெளியேற்றுவதற்கு இடைக்காலத் தடை, அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஏற்று நடத்தட்டும் என்ற கோரிக்கை. 2024 செப்டம்பரில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் விசாரணைக் குழு மலைக்கே போய் மக்களிடம் கேட்டது. அது சின்ன விஷயமில்லை. டெல்லியிலிருந்து நாலுமுக்கு வரை ஓர் அலுவலகம் நடந்து வருவது லேசில் நடக்காது. ஆனால் வந்தபோது கையெழுத்துகள் ஏற்கெனவே கோப்பில் இருந்தன. டிசம்பர் தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் தொழிலாளர் தரப்பு மனுக்களை ஏற்கவில்லை. காடு காடாகத் திரும்பட்டும் என்பதே தீர்ப்பின் போக்கு. காடும் வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? என் வருத்தம் வேறு. 7ஆம் கோட்பாடு முழு விவரம் சொல்லி, நெருக்குதல் இல்லாமல் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது. அந்தச் சம்மதம் எப்படி வாங்கப்பட்டது என்று ஆணையம் கேட்க வேண்டிய நாள் ஜூன் மாதத்தில் இருந்தது. படிவம் நீட்டப்பட்ட வாரத்திலேயே, கையெழுத்துக்கு முன்பு, மனு போயிருந்தால் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

மதுரைக்குப் பக்கத்தில் சின்ன உடைப்பு ஊர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டி. விமான நிலைய விரிவாக்கத்துக்கு அவர்கள் ஊர் தேவைப்பட்டது. 2024 நவம்பரில் இடத்தைக் காலி செய்யச் சொன்னபோது, மறுகுடியமர்வைக் காட்டுங்கள், பிறகு எங்களைக் கிளப்புங்கள் என்று வீதியில் உட்கார்ந்தார்கள். நீதிமன்றத்துக்கும் போனார்கள். அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் ஏலத்தை எதிர்த்தவர்களும் ஒரு குழி தோண்டுவதற்கு முன்பே எழுந்ததால்தான் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வீடு நிற்கும்போது போடுகிற மனுவுக்கும் வீடு போன பிறகு போடுகிற மனுவுக்கும் ஆணையம் செய்யக்கூடியது ஒன்றல்ல. முதலாவதில் நிறுத்தச் சொல்லலாம். இரண்டாவதில் பணம் தரச் சொல்லத்தான் முடியும்.

4. தமிழில் எழுதுங்கள். எட்டாவது அட்டவணை மொழி எதிலும் தேசிய ஆணையத்துக்குப் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இங்கிலீஷில் எழுதினால்தான் மதிப்பு என்று எவரோ சொல்லி, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கே புரியாத மனுவில் அவர் ரேகையை வாங்காதீர்கள்.

5. என்ன காரணத்துக்காகத் தள்ளுபடி செய்வார்கள் என்பதைப் படித்துவிட்டு எழுத உட்காருங்கள். தெளிவில்லாத புகார், பெயரில்லாத புகார், சிவில் தகராறு, பணி விவகாரம், தொழில் தகராறு, நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம். இவை எல்லாம் எடுக்க வேண்டியதில்லை என்று ஆணையத்தின் விதிமுறையிலேயே இருக்கிறது. இடம்பெயர்வு வழக்கு ஒவ்வொன்றும் இவற்றில் ஏதாவது ஒன்றின் சாயலில்தான் வந்து நிற்கும். எஸ்டேட் என்றால் தொழில் தகராறு மாதிரித் தெரியும். நத்தம் புறம்போக்கு என்றால் சிவில் தகராறு மாதிரித் தெரியும். இழப்பீட்டுத் தொகையில் மனுவை ஆரம்பிக்காதீர்கள். எந்தத் தேதியில் யார் வந்து என்ன சொன்னார்கள், தண்ணீர் எப்போது நின்றது, மின்சாரம் எப்போது வெட்டப்பட்டது, எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகவில்லை, கர்ப்பிணிகள் எத்தனை பேர், இதை முதல் பக்கத்தில் வையுங்கள். கொதிப்பை எல்லாம் உங்கள் டைரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

6. கலவரமோ வெள்ளமோ, போன இடத்தில் முதல் வேலை காகிதம். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனியும் பக்கத்துச் சேரிகளும் எரிக்கப்பட்டன. 200க்கும் மேற்பட்ட வீடுகள். வீட்டோடு பட்டா, சாதிச் சான்று, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ரேஷன் கார்டு எல்லாம் போயின. அரிசி மூட்டை லாரியில் வந்துவிடும். மார்க் ஷீட் வராது. இடம்பெயர்ந்தவர்களின் ஆவணங்களைப் புதிதாக, அலையவிடாமல் கொடுக்க வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாக அவரவர் பெயரில் கொடுக்க வேண்டும் என்பது 20ஆம் கோட்பாடு. ஆகவே குடும்பம் குடும்பமாகத் தொலைந்த காகிதங்களின் பட்டியல் எடுங்கள். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் இருக்கும், பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். அவற்றைத் தேடிப் பிடித்து நகல் வாங்குவது கிராமத்துப் பள்ளி வாத்தியார் ஒருவர் மனசு வைத்தால் ஒரு வாரத்தில் முடியும். பட்டியலை ஆணையத்துக்கான மனுவோடு இணையுங்கள். இழப்பு என்ன என்று ஆட்சியர் அலுவலகம் ஒரு கணக்குக் கொடுக்கும். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆணையத்திடம் இன்னொரு கணக்கு இருக்க வேண்டும்.

7. ஒரு வருஷக் கெடு. சம்பவம் நடந்து ஓராண்டுக்கு மேல் ஆனால் ஆணையம் விசாரிக்க முடியாது என்று அதே 36ஆம் பிரிவு சொல்கிறது. இடம்பெயர்ந்தவர் முதல் ஆறு மாதம் கூரை தேடுவார், அடுத்த ஆறு மாதம் வேலை தேடுவார். மனு ஞாபகம் வரும்போது கெடு முடிந்திருக்கும். தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். இன்றைக்கும் நடந்துகொண்டிருக்கிற மீறல் எது என்று பாருங்கள்: ஊருக்குத் திரும்ப இன்றும் தடையா, இந்த மாதம் ரேஷன் மறுக்கப்பட்டதா? அந்தப் புதிய தேதியில் மனு எழுதுங்கள். பொய்த் தேதி போடச் சொல்லவில்லை. உண்மையாகவே தொடர்கிற தவறைத் தொடர்கிற தவறாகவே எழுதச் சொல்கிறேன்.

8. விசாரணைக் குழு வரும் என்றால் மக்களைத் தயார் பண்ணுங்கள். சொல்லிக் கொடுக்காதீர்கள், தயார் பண்ணுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் போலீஸ் அதிகாரிகள். தேசிய ஆணையத்தின் புலனாய்வுப் பிரிவே டி.ஜி.பி. அந்தஸ்து அதிகாரியின் கீழ் இயங்குகிறது, சட்டம் அப்படி. சட்டையைப் பார்த்துப் பயந்து ஓடிய சனத்திடம் அதே துறைக்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து கேள்வி கேட்டால் வாய் எப்படித் திறக்கும்? சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராகக் கிளப்பப்பட்ட சல்வா ஜுடூம் காலத்தில் கிராமங்கள் காலியாகி மக்கள் முகாம்களில் அடைக்கப்பட்டபோது, 2008இல் உச்ச நீதிமன்றம் விசாரிக்கச் சொல்லி ஆணையத்திடம் ஒப்படைத்தது. போன குழுவில் இருந்தவர்கள் போலீஸ்காரர்கள். அந்த அறிக்கை மேல் எழுந்த குறையும் அதுவே.

வாச்சாத்தி ஞாபகம் இருக்கட்டும். 1992 ஜூனில் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை மூன்றும் சேர்ந்து புகுந்து கொடுமை செய்த ஊர். சனம் காட்டில் போய் ஒளிந்தது. அப்போது மனித உரிமை ஆணையமே கிடையாது, எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி நேரில் போய் எழுதிய அறிக்கை வழக்குக்கு ஒரு தூணாக நின்றது. 2011இல்தான் புகுந்தவர்களுக்குத் தண்டனை, 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. காட்டில் ஒளிந்த பெண்கள் அந்த அதிகாரியிடம் பேசினார்கள் என்பதே அந்த அறிக்கைக்கு உயிர். எப்படிப் பேசவைத்தார் என்று நீங்கள் யோசிக்க வேண்டும்.

என் வழி இது. வரப்போகிறவர் யார், எதற்கு வருகிறார், என்ன கேட்பார் என்பதை முந்தின நாளே தெருவில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். பெண்கள் பேச வேண்டியது இருந்தால் பெண் அதிகாரி வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். விசாரணை பஞ்சாயத்து அலுவலகத்திலோ எஸ்டேட் அலுவலகத்திலோ வேண்டாம். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், மரத்தடி எதுவானாலும் சரி. முக்கியமாக, எவரை எதிர்த்துப் புகாரோ அவர் ஏற்பாடு செய்த ஜீப்பில் குழு வந்து இறங்கக் கூடாது. இறங்கினால் அதையும் மரியாதையாக எழுதிக் கொடுங்கள்.

9. எதிர்த்தரப்பு கிளம்பினாலும் போய்ப் பாருங்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். உத்தப்புரம் நம்ம மாவட்டம். தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரின் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தது. இடித்ததும் சாதி இந்துக் குடும்பங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு தாழையூத்து மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. அது இடம்பெயர்வா, அழுத்தம் கொடுக்கும் போராட்டமா? என் கணிப்பில் போராட்டம். அவர்களை எவரும் அடித்து விரட்டவில்லை. ஒரு சிறுமையான சுவர் போனதற்காகப் போனார்கள். ஆனாலும் அடிவாரத்தில் வெயிலில் கிடந்த கைக்குழந்தைக்கும் காய்ச்சலில் கிடந்த கிழவிக்கும் சுவரில் பங்கில்லை. தண்ணீரும் மருந்தும் அவர்களுக்குப் போகிறதா என்று பார்ப்பது உங்கள் வேலைதான். அறிக்கையில் மட்டும் விரட்டப்பட்டவரையும் வெளியேறியவரையும் ஒரே வரியில் போடாதீர்கள். கிளம்பியதற்கு என்ன காரணம், திரும்ப முடியுமா என்ற இரண்டு கேள்விக்கும் தனித்தனிப் பதில் எழுதுங்கள்.

10. பரிந்துரை வந்தால் அது பேப்பர்தானே என்று சலித்துக்கொள்ளாதீர்கள். ஆணையம் உத்தரவு போடுவதில்லை, 18ஆம் பிரிவின்படி பரிந்துரைக்கிறது. இழப்பீடு, வழக்குத் தொடர்தல், உடனடி இடைக்கால நிவாரணம் எல்லாம் அதில் வரும். தேவையானால் ஆணையமே நீதிமன்றத்துக்குப் போகலாம். அருணாசலத்தில் சக்மா அகதிகளை விரட்டப் பார்த்தபோது தேசிய ஆணையமே மனுதாரராக உச்ச நீதிமன்றம் போய் 1996இல் அவர்களுக்குப் பாதுகாப்பு வாங்கியது. நம் மாநிலத்தில் 2021 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு, மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்றே சொன்னது. அந்தத் தீர்ப்பின் நகல் உங்கள் பையில் இருக்கட்டும்.

காலம் ஆகும். வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் இரண்டு மாநில அதிரடிப்படையும் மலைக்கிராமங்களில் செய்த கொடுமைகளை விசாரிக்க 1999இல் நீதிபதி சதாசிவா குழுவை ஆணையம் போட்டது. 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று பரிந்துரை வந்தபோது 2007. ஊரைவிட்டுப் போனவர்களில், பெயர் பட்டியலில் இல்லாமலே செத்தவர்களும் உண்டு. குழு உட்காரும்போது சாட்சியை அழைத்துவருவதற்கு, போனவர்கள் எந்த ஊரில் கூலிக்கு இருக்கிறார்கள் என்ற விலாசம் எவரிடமாவது இருக்க வேண்டும். அந்த நோட்டு உங்களிடம் இருக்கட்டும்.

ராணுவம், துணை ராணுவம் என்றால் கதையே வேறு. 19ஆம் பிரிவு அங்கே ஆணையத்தின் கையைக் கட்டுகிறது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், அதை வைத்துப் பரிந்துரை செய்யலாம், அவ்வளவுதான். மணிப்பூரில் 2023 மே மாதத்திலிருந்து 60,000 பேருக்கு மேல் வீடிழந்து கிடந்தார்கள். அங்கிருந்து யாராவது உங்களிடம் கேட்டால் இந்தப் பிரிவை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. வீடு கொடுத்தாச்சு என்றதும் கோப்பை மூட விடாதீர்கள். அதிகாரிகள் கணக்கில் சாவி கொடுத்த அன்றைக்கு இடம்பெயர்வு முடிந்துவிடும். சென்னையில் சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களை 2019 டிசம்பரில் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். கல்வியாண்டின் நடுவில். பிள்ளை பழைய பள்ளிக்கு எந்த பஸ்ஸில் போகும் என்ற கேள்விக்குச் சாவிக் கொத்தில் பதில் இல்லை. மதுரையிலும் வேலை நகருக்குள், அடுக்குமாடி ராஜாக்கூரில் என்றால் பஸ் காசே கூலியைத் தின்றுவிடும்.

திரும்பிப் போகாததை விருப்பம் என்று எழுதுவதும் நடக்கும். குஜராத் 2002இல் தேசிய ஆணையம் தன் வேலையைச் செய்தது என்பது என் கருத்து. கலவரம் தொடங்கிய இரண்டாம் நாளே தானாக விசாரணைக்கு எடுத்தது, தலைவர் ஜே.எஸ். வர்மா நேரில் போனார், மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் முகாமிலிருந்து யாரையும் கிளப்பாதே என்றது. இருந்தும் முகாம்கள் மூடப்பட்டன. நாலு வருஷம் கழித்து 2006 அக்டோபரில் சிறுபான்மையினர் ஆணையம் போய்ப் பார்த்தால் 5,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அறக்கட்டளைகள் கட்டிய குடிசைக் காலனிகளில் இருந்தன. ஊர் திரும்ப மனமில்லாமல் தாங்களாகவே இருக்கிறார்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்தது. மிசோரத்திலிருந்து 1997இல் ஓடிவந்த புரூ மக்கள் திரிபுரா முகாம்களில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து ஒரு பக்கம் எழுதி அதே வழக்கு எண்ணில் ஆணையத்துக்கு அனுப்புங்கள். பதில் வராது. அனுப்புங்கள்.

12. ஆணையத்தின் மேலும் ஒரு கண் வையுங்கள். இலங்கை மனித உரிமை ஆணையம் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்கென்றே தனித் திட்டம் வைத்து யாழ்ப்பாணம், வவுனியா என்று கிளை அலுவலகம் வழியே வேலை செய்தது. இந்திய ஆணையம்கூட அப்படி ஒரு தனிப் பிரிவு வைத்ததாக நான் பார்க்கவில்லை. ஆனால் 2006இல் அரசியலமைப்புப் பேரவையைத் தாண்டி ஜனாதிபதியே உறுப்பினர்களை நியமித்தார். அடுத்த வருஷமே, மனித உரிமை ஆணையங்களுக்குத் தரம் கொடுக்கும் உலக அமைப்பு அதை 'ஏ'யிலிருந்து 'பி'க்கு இறக்கியது. போரில் இடம்பெயர்ந்த மக்கள் மெனிக் பாம் முகாமில் கம்பிவேலிக்குள் கிடந்த 2009இல் அந்த ஆணையம் 'பி'. திரும்ப 'ஏ' கிடைத்தது 2018இல். நம் தேசிய ஆணையத்தின் மறு அங்கீகாரமும் 2023இலும் 2024இலும் தள்ளிவைக்கப்பட்டது. விசாரணையில் போலீஸ், உறுப்பினர்களில் பன்மை போதாது என்பவை சொல்லப்பட்ட காரணங்களில் சில. இந்தத் தரம் ஊர்க்காரருக்குச் சம்பந்தமில்லாத விஷயம் மாதிரி இருக்கும். ஆணையத்தில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் மனு திறக்கப்படும். அதனால் காலியிடம் வரும்போது செய்தித்தாளைப் பாருங்கள், கேள்வி கேளுங்கள்.

13. மனு போட்டதும் பதிவு எண் வரும். அதை உங்கள் போனில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். போன் தொலையும், நீங்கள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போவீர்கள், தொண்டு நிறுவனத்தில் சம்பளம் நின்று வேறு வேலை பார்ப்பீர்கள். எண்ணையும் மனுவின் படியையும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று கொடுங்கள். ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவர் எல்லார் வீட்டிலும் இருக்கும். அதற்குள்ளேயே போட்டு வைக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் எண்ணை எழுதவைத்து, எங்கே விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.